துடைக்கும் முன்னே ஒரு நிமிஷம்!

'டேக்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு ஜவுளிக்கடைதான். பி.காம் படித்தவனுக்கு அதற்கு மேல் தோன்றாது. ஒப்பணக்காரத் தெருவில் தீபாவளிக்கு ஒரு சட்டை எடுத்தால், காலர் பட்டனில் ஒரு அட்டை தொங்கும். அளவு, விலை, தள்ளுபடி எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கத்தரித்துக் குப்பையில் போடுவோம். சட்டைக்கு ஒன்றும் ஆகாது.

கம்ப்யூட்டரிலும் டேக் உண்டு. திரையில் நீங்கள் பார்க்கும் பக்கத்துக்குப் பின்னால், கண்ணில் படாமல் சின்னச் சின்னக் குறிப்புகள் ஒளிந்திருக்கும். 'இங்கிருந்து சிவப்பு', 'சிவப்பு இதோடு முடிந்தது', 'இந்த வரியை நடுவில் வை', 'இந்த வார்த்தையை மினுக் மினுக்கென்று காட்டு' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிப்புகள். இவற்றில் பல இன்றைக்கு வழக்கொழிந்துவிட்டன. அந்த மினுக் மினுக் சமாசாரத்தை ஃபயர்ஃபாக்ஸ் 2013-லேயே மூட்டை கட்டி அனுப்பிவிட்டது.

ஆனால், பழைய பக்கங்களுக்குள் அந்தக் குறிப்புகள் இன்னும் குடியிருக்கின்றன. ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு மேனுவலும் சர்வீஸ் குறிப்பும் வைத்திருக்கும் கம்பெனிகள், இவற்றைத் தேடிப் பிடித்து நீக்குவதற்கென்றே ஆள் போடுகின்றன.

"இதிலென்ன சார் இருக்கு? சட்டை டேக் மாதிரி நறுக்கிப் போட வேண்டியதுதானே?" என்பீர்கள். இங்கிலீஷில் பெரும்பாலும் அப்படிச் செய்துவிடலாம். தமிழில் செய்தால் டேகோடு சேர்ந்து சட்டையும் காணாமல் போய்விடும்! அது எப்படி என்பதுதான் இந்த வாரக் கதை.

வழக்கொழிந்த டேகுகளில் பெரிய தலை என்றால் அது 'ஃபான்ட்' டேக்தான். எந்த எழுத்துரு, என்ன சைஸ், என்ன கலர் என்று சொல்வது. இணையப் பக்கங்களுக்கான தரத்தில் இதை முறைப்படி சேர்த்தது 1997 ஜனவரியில். அதே வருஷம் டிசம்பரில் அடுத்த தரம் வந்தபோது, 'இனிமேல் இதைத் தவிர்க்கவும்' என்று எழுதிவிட்டார்கள். ஜனவரியில் கல்யாணம், டிசம்பரில் பஞ்சாயத்து! 2014-ல் வந்த தரத்தில் 'காலாவதி' என்றே முத்திரை குத்தியாயிற்று.

காரணம் நியாயமானதுதான். ஐயாயிரம் பக்கத்தில் ஐம்பதாயிரம் இடத்தில் 'சிவப்பு, சைஸ் 4' என்று எழுதி வைத்தால், நாளைக்கு முதலாளி "நீலமா மாத்துப்பா" என்றால் என்ன செய்வது? அதனால் அலங்காரத்தைத் தனியாக ஒரே இடத்தில் வை, பக்கத்துக்குள் விஷயத்தை மட்டும் வை என்றார்கள். நல்ல யோசனை.

ஆனால், இதைச் சொன்னவர்களுக்கு நம் தமிழின் அன்றைய நிலைமை தெரியாது.

2000-ம் ஆண்டு வாக்கில் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தமிழ்ப் பத்திரிகையின் தளத்தைத் திறந்தால் வாசலிலேயே போர்டு தொங்கும்: 'எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்'. அடுத்த பத்திரிகைக்குப் போனால் அங்கே வேறு எழுத்துரு. வீட்டுக்கு வீடு வாசப்படி என்பது போல, தளத்துக்குத் தளம் ஒரு ஃபான்ட்.

அந்த எழுத்துருக்கள் செய்த தந்திரம் எளிமையானது. கம்ப்யூட்டருக்கு அப்போது சாதாரணமாகத் தெரிந்தது இங்கிலீஷ் எழுத்துகள்தான். அதனால், 'ஜே' என்ற இங்கிலீஷ் எழுத்து உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் 'த' என்ற வடிவத்தை வரைந்து உட்கார வைத்தார்கள். இலங்கைத் தமிழர்கள் மத்தியில் கொடிகட்டிப் பறந்த 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கம்ப்யூட்டருக்குள் பதிவாவது தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி! பாமினி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் 'தமிழ்'. கண்ணாடியைக் கழற்றினால் வெறும் இங்கிலீஷ் உளறல்.

அந்தக் கண்ணாடி எது என்று சொன்னது யார்? நாம் குப்பை என்று கூட்டித் தள்ளப் பார்க்கிற அந்த ஃபான்ட் டேக்தான்! அது அலங்காரக் குறிப்பு அல்ல. 'இந்த வரி பாமினி, அடுத்த வரி டிஸ்கி, இடையில் வருவது நிஜமான இங்கிலீஷ்' என்று சொல்கிற ஒரே சாட்சி.

சாட்சியைக் கொன்றுவிட்டு வழக்கு நடத்த முடியுமா?

நடத்த வேண்டி வந்தது. நம்ம கோயம்புத்தூரிலேயே.

காந்திபுரத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் ஒரு பெண்ணை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், கும்பாபிஷேக மலர் என்று ஆரம்பித்தவர். இப்போது பழைய தமிழ் ஃபைல்களைப் புதிய யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் முக்கியத் தொழில். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பம்ப்செட் கம்பெனியிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. கம்பெனி பேர் வேண்டாம்.

அங்கே இருபது வருஷ மேனுவல்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. சப்மெர்சிபிள் மோட்டாரை எப்படி இறக்குவது, எந்த மாடலுக்கு எந்தக் கேபிள், பேரிங் போனால் அறிகுறி என்ன என்று டீலர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் தமிழில் எழுதி வைத்த பக்கங்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் 'பழைய டேகையெல்லாம் சுத்தம் பண்ணுப்பா' என்று வேலை கொடுத்திருக்கிறார்கள். கெட்டிக்காரப் பையன். ஒரே கட்டளையில் ஃபான்ட் டேக் மொத்தத்தையும் துடைத்துவிட்டான். ஃபைல் சைஸ் குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். மேலோட்டமாகப் பார்த்தது இங்கிலீஷ் பக்கங்களை மட்டும்தான்.

தமிழ்ப் பக்கத்தைத் திறந்தபோதுதான் தலையில் கை வைத்தார்கள்.

"ஏனுங்ண்ணா, குப்பைனு நெனச்சுக் கூட்டித் தள்ளிட்டாங்க. தாலிக்கொடியும் அதுக்குள்ளதானுங் கெடந்துச்சு" என்றார் அந்தப் பெண்.

"மறுபடி பாமினியில போட்டா தெரிஞ்சிராதா அம்மிணி?" என்று கேட்டேன்.

"எது பாமினின்னு தெரிஞ்சாத்தானுங்ண்ணா? மூணு ஃபான்ட்ல அடிச்சு வெச்சிருக்காங்க. நடுவால இங்கிலீசு வேற!"

அந்த 'நடுவால இங்கிலீசு'தான் வில்லன். பம்ப் மேனுவலில் வரிக்கு வரி 'எச்.பி.' வரும், மாடல் பேர் வரும். டேக் இருந்தவரைக்கும் எது தமிழ், எது இங்கிலீஷ் என்று எல்லைக்கல் நட்டிருந்தது. கல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது முழுப் பக்கத்தையும் பாமினி என்று நினைத்து மாற்றினால், நிஜமான 'எச்.பி.' இருந்த இடத்தில் புள்ளி வைத்த ஒரு ரகரமும், அந்தரத்தில் தொங்கும் ஒரு நெடில் சுழியும் வந்து நிற்கின்றன!

எண்கள் மட்டும் தப்பித்தன. எந்த ஃபான்டிலும் 5 என்றால் 5-தான். ஆனால், பக்கத்தில் இருக்கிற வார்த்தை உளறலாகிவிட்ட பிறகு அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 180 என்று இருக்கிறது. அது வோல்டேஜா, அடிக் கணக்கில் ஆழமா?

ஸ்டோர் கீப்பர் மேஜை டிராயரில் ஒரு பழைய பேக்கப் சிடி கிடைத்தது. பாதிப் பக்கங்கள் அதில் டேகோடு உயிரோடு இருந்தன. மீதிக்கு, மெக்கானிக்குகள் டூல்ஸ் பெட்டியில் மடித்து வைத்திருந்த ஆயில் கறை படிந்த பிரின்ட் அவுட்டுகளைத் தேடி வாங்கி, வரி வரியாக ஒப்பிட்டிருக்கிறார். ஒரு நொடியில் துடைத்ததை மீட்க மாதக்கணக்கில் ஆயிற்று.

அப்படியும் ஒன்று மீளவில்லை. கலர்!

அந்த மேனுவலில் சில வரிகள் மட்டும் சிவப்பில் இருந்திருக்கின்றன. கறுப்பு வெள்ளை பிரின்ட் அவுட்டில் அது தெரியாது. மீட்ட பக்கங்களைச் சரிபார்க்க வந்த வயதான ஹெட் மெக்கானிக் ஒரு வரியில் விரலை வைத்து, "இது செவப்புல இருக்கோணுமே அம்மிணி" என்றாராம். மோட்டாரைக் கிணற்றில் இறக்கும் முன் அதற்குள் சுத்தமான தண்ணீர் நிரப்ப வேண்டும் என்கிற வரி அது.

தண்ணீர் நிரப்பும் வகை சப்மெர்சிபிள் மோட்டாரில் பேரிங்குக்கு மசகே அந்தத் தண்ணீர்தான். புதுசாக வேலைக்கு வருகிற பையன், 'எப்படியும் தண்ணிக்குள்ளதானே போகப் போகுது' என்று நினைத்து நிரப்பாமல் இறக்கிவிடுவான். ஓட்டினால் பேரிங் போய்விடும். கடன் வாங்கி போர் போட்ட விவசாயிக்கு, இறக்கிய மோட்டாரை மறுபடி மேலே தூக்குகிற கூலியிலிருந்து தண்டம் ஆரம்பிக்கும். அதனால்தான் அந்த வரி சிவப்பு. 'சிவப்பு' என்று டேக் சொன்னது அலங்காரத்தை அல்ல, 'ஜாக்கிரதை' என்பதை!

அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தெந்த வரி சிவப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். ஆனால், பழையபடி 'சிவப்பு' என்று டேக் போடவில்லை. 'எச்சரிக்கை' என்று போட்டார். சிவப்பில் காட்டுவதா, கட்டம் கட்டுவதா என்பதை வேறு ஓர் இடத்தில் ஒரே ஒரு தடவை எழுதிக்கொள்ளலாம். 1997-ல் அந்தத் தரக்காரர்கள் சொன்னதும் இதைத்தான். அழி என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. தோற்றத்தின் பேரை எடுத்துவிட்டு அர்த்தத்தின் பேரை எழுது என்றார்கள். நாம் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்கிறோம்.

பி.காமில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பேரேட்டில் ஒரு பதிவு தப்பென்று தெரிந்தால் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. திருத்தப் பதிவு போட வேண்டும். பழசும் தெரிய வேண்டும், புதுசும் தெரிய வேண்டும், ஏன் மாற்றினோம் என்றும் ஒரு வரி எழுத வேண்டும். ஆடிட்டருக்காகச் செய்வதாக அப்போது நினைத்தோம். உண்மையில் அது பத்து வருஷம் கழித்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிற ஆளுக்காக.

டேகை மதித்து, ஒழுங்காக மாற்றினால் மட்டும் போதுமா? அதற்குப் பிறகும் பேய் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பேய்!

பழைய எழுத்துருவில் நாம் டைப்ரைட்டர் மாதிரி இடமிருந்து வலமாக வடிவங்களை அடித்தோம். முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் 'வ', அப்புறம் 'ள'. யூனிகோடில் அப்படி இல்லை. முதலில் 'வ', அதன் பின் கொம்பு. மாற்றித் தரும் மென்பொருள்தான் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். அது அவசரக்குடுக்கையாக இருந்தால், கொம்பு, வ, ள மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து 'வௌ' என்று எழுதிவிடும். அப்படித்தான் 'வெளியூர்' என்பது 'வௌியூர்' ஆகிறது, 'வெள்ளை' என்பது 'வௌ்ளை' ஆகிறது. இணையத்தில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், எத்தனை இடத்தில் இந்த 'வௌ' விழித்துக்கொண்டு நிற்கிறது என்று.

இன்னொன்று, கால். 'ர்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் வெறும் காலை அடித்து அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தாலும் பார்வைக்கு அது 'ர்'தான். எத்தனையோ பேர் அப்படியே அடித்துப் பழகிவிட்டார்கள். காகிதத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், கம்ப்யூட்டருக்கு 'மோட்டார்' வேறு, 'மோட்டாா்' வேறு. நீங்கள் ஒழுங்காக 'மோட்டார்' என்று தேடினால், 'அப்படி ஒன்றும் இல்லையே' என்று கையை விரித்துவிடும்.

2016-ல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ வந்திறங்கியது ஞாபகம் இருக்கும். ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு, கீழே இருக்கும் ஓலையெல்லாம் கரிப்பிடித்தது போலக் கறுத்துப் போயிற்று. அந்த நேரத்தில் ஒரு விவசாயி செல்போனில் 'வெள்ளை ஈ' என்று தேடுகிறார் என்று வையுங்கள். அவருக்குத் தேவையான குறிப்பு எங்கோ இருக்கிறது. ஆனால் 'வௌ்ளை ஈ' என்று இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை அப்படியொரு குறிப்பு எழுதப்படவே இல்லை! பார்வையற்ற ஒருவர், கம்ப்யூட்டரை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறார் என்று வையுங்கள். அடியில் பாமினி இருந்தால் அவர் காதில் விழுவது ஜே, கே, பி, ஓ!

1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தும்பிக்கை வைத்த 'லை', 'னை' எல்லாம் இப்போதைய வடிவத்துக்கு மாறின. ஆனால், தாத்தா வைத்துவிட்டுப் போன பழைய புத்தகத்தை இன்றைக்கும் நம் பிள்ளைகள் கொஞ்சம் தடுமாறினாலும் படித்துவிடுவார்கள். மனுஷக் கண் அனுசரித்துப் போகும். மெஷின் போகாது. அதற்கு யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

எழுதி வைத்தவர்களும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த விஞ்ஞானி கு.கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று ஆரம்பித்த 'மதுரைத் திட்டம்' அதற்கு உதாரணம். பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து, தமிழ் இலக்கியங்களை இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். முதல் எண் திருக்குறளுக்கு. ஆரம்பத்தில் அவையும் பழைய எழுத்துரு முறைகளில்தான் இருந்தன. ஆனால், எந்த முறையில் அடித்தது, பார்க்க எந்த எழுத்துரு வேண்டும், உழைத்தவர் யார் என்று நூலின் தலைப்பிலேயே ஒரு சீட்டு ஒட்டினார்கள். பின்னால் யூனிகோடு பரவலானபோது, அவற்றை மாற்றுகிறவர்கள் குருட்டாம்போக்கில் தடவ வேண்டியிருக்கவில்லை.

யூனிகோடு என்பது உலகமே ஒப்புக்கொண்ட பட்டியல். அதில் தமிழுக்கு 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். 'த'வுக்கு இனி யாருடைய நாற்காலியும் வேண்டாம், சொந்த நாற்காலி. ஆனால், சாதாரண கம்ப்யூட்டரில் அது ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000-மும் எக்ஸ்பியும் வர வேண்டியிருந்தது. 2010 ஜூனில் நம்ம கோவை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததே, அதோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதே ஜூனில்தான் தமிழக அரசு, 1999-ல் ஏற்றுக்கொண்ட பழைய முறைகளை விட்டுவிட்டு, யூனிகோடையும் அதற்கு வசதியில்லாத இடத்தில் பயன்படுத்த டேஸ்-16 என்ற முறையையும் தரமாக அறிவித்தது.

அரசாணை வந்துவிட்டது. ஆனால், நம் வீட்டு அலமாரிக்கும் கம்பெனி டிராயருக்கும் அது தானாக நடந்து வராதே! அச்சு வேலைக்கு இன்றும் பழைய எழுத்துருவில் அடிக்கிற டிடிபி கடைகள் நிறைய உண்டு.

அதனால், உங்களுக்கு நாலு வார்த்தை.

உங்கள் வீட்டிலும் ஒரு சிடியோ, பழைய கம்ப்யூட்டரோ இருக்கும். அப்பா எழுதிய கட்டுரைகள், குலதெய்வக் கோயில் மலர், தங்கையின் எம்.ஃபில் ஆய்வேடு, கம்பெனி ஆரம்பித்த காலத்து விலைப்பட்டியல்... அதைத் திறந்து, ஏதோ இங்கிலீஷ் உளறலாகத் தெரிகிறதே, வைரஸ் அடித்துவிட்டது போல என்று அழித்துவிடாதீர்கள். அது தமிழ். கண்ணாடிக்காகக் காத்திருக்கிறது.

எந்த எழுத்துருவில் அடித்தது என்று கண்டுபிடியுங்கள். அடித்துக் கொடுத்த டிடிபிக்காரர் இன்னும் ஊரில் இருப்பார், ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மாற்றும்போது நகலை மாற்றுங்கள், அசலைத் தொடாதீர்கள். மாற்றிய பிறகு 'வெள்ளை', 'மோட்டார்', 'கொய்யா' என்று மூன்று வார்த்தையைத் தேடிப் பாருங்கள். உள்ளே இருக்கிற வார்த்தை தேடினால் வர வேண்டும். வரவில்லையென்றால், வேலை இன்னும் முடியவில்லை.

ஆபீசில் 'பழைய டேகையெல்லாம் தூக்கிடு' என்று மேலிடத்து உத்தரவு வந்தால், தூக்குவதற்கு முன்னால், 'இது இங்கே ஏன் வந்தது?' என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் அநேகமாக அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போகிற ஒருவராக இருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

கேட்டதை எழுதி வையுங்கள். யூனிகோடில்!